ஊர் சுத்தலாம் வாங்க: 16 நாள்ல ஆஸ்திரேலியா முழுசும் பாத்துட முடியுமா?

கேள்வி: வர்ற மே லீவுல ஆஸ்திரேலியா போலாம்னு இருக்கோம். நான், கணவர், 11 வயசுப் பையன், 5 வயசுப் பொண்ணு, கூடவே மாமனார் (72), மாமியார் (68). மொத்தம் 16 நாள். ட்ராவல் ஏஜென்ட் சிட்னி, மெல்பர்ன், அடிலெய்ட், பெர்த், உலுரு, கெய்ர்ன்ஸ், கோல்ட் கோஸ்ட்னு ஏழு ஊர் போட்டுக் குடுத்திருக்கார். சரியா வருமா?
– வாசகி, ஈரோடு

பதில்: வராதுங்க. ஏஜென்ட் குடுத்த லிஸ்ட ஓரமா வச்சுட்டு மேப்ப ஒரு தடவ பாருங்க, அந்த நாடு இந்தியா மாதிரி ரெண்டு மடங்குக்கும் மேல பெருசு, சிட்னியிலேர்ந்து பெர்த் போறது சென்னையிலேர்ந்து சிங்கப்பூர் போறத விட தூரம், பிளைட்லயே அஞ்சு மணி நேரம். ஏழு ஊர்னா உள்ளுக்குள்ளயே ஆறு பிளைட், ஒவ்வொண்ணுக்கும் ரூம காலி பண்ணி, ஏர்போர்ட் போயி, இறங்கி, பெட்டிக்கு நின்னு, அடுத்த ரூம் சாவி வாங்கறதுக்குள்ள அர நாள் போயிடும், அதுவும் 72 வயசுக்காரரையும் 5 வயசுக் குட்டியையும் கூட்டிக்கிட்டு. பெர்த்தையும் அடிலெய்டையும் முதல்ல வெட்டுங்க. மனசு கேக்காது, ஆனா வெட்டுங்க.

மூணே ஊர்ல தங்குங்க: மெல்பர்ன், சிட்னி, கெய்ர்ன்ஸ். இந்த வரிசையிலயே போங்க, அதுக்குக் காரணம் இருக்கு. மே மாசம் அங்க குளிர்காலத்துக்கு முந்தின சீசன், மெல்பர்ன் நாளாக நாளாக குளுரும், அதனால அத முதல்ல முடிச்சிடணும். கெய்ர்ன்ஸ்ல அப்பதான் மழைக்காலம் முடிஞ்சு வெயில் இதமா இருக்கும். ஊர் திரும்பறப்ப அங்கேர்ந்து சிங்கப்பூருக்கு நேர் பிளைட் இருக்கறதால, மெல்பர்ன்ல இறங்கி கெய்ர்ன்ஸ்ல ஏறற மாதிரி டிக்கெட் கேளுங்க, திரும்பி சிட்னிக்கு வர வேண்டிய வேலையே இல்ல. மே மாசம் அங்க ஸ்கூல் நடக்கற நேரம், அதனால ரூம் வாடகையும் கூட்டமும் கொஞ்சம் அடங்கித்தான் இருக்கும்.

மெல்பர்னுக்கு அஞ்சு ராத்திரி. கிரேட் ஓஷன் ரோடுக்கு ஒரே நாள்ல போயிட்டு வர்ற பஸ் டூர் நிறைய இருக்கு, காலைல ஏறினா திரும்ப 12 மணி நேரம் ஆகும், பெரியவங்களுக்கு முதுகு போயிடும், அதனால வண்டி எடுத்துக்கிட்டு அப்போலோ பேலயோ போர்ட் கேம்ப்பெல்லயோ ஒரு ராத்திரி தங்கிடுங்க. முதல் உலகப் போர்லேர்ந்து திரும்பி வந்த சிப்பாய்ங்க 1919லேர்ந்து 1932 வரைக்கும் வெட்டின ரோடு அது, 243 கிலோமீட்டர், ஒரு பக்கம் மலை ஒரு பக்கம் கடல். அந்த வழியில கடலுக்குள்ள நிக்கற பாறைங்களுக்கு ட்வெல்வ் அப்போசல்ஸ் (பன்னெண்டு சீடர்கள்)னு பேர் இருக்கே தவிர பன்னெண்டு பாறையெல்லாம் இல்ல, 2005ல கூட ஒண்ணு சரிஞ்சு விழுந்துச்சு, பையன் எண்ணிப் பாத்துட்டு சண்டைக்கு வருவான், முன்னாடியே சொல்லி வச்சிடுங்க.

இன்னொரு நாள் பிலிப் தீவு. ராத்திரி ஆனா சின்னச் சின்ன பென்குயின் கூட்டங்கூட்டமா கடல்லேர்ந்து கரை ஏறி வளைக்குப் போகும், ஒவ்வொண்ணும் ஒரு அடி உயரந்தான், உங்க பொண்ணு இதப் பல வருஷம் பேசிக்கிட்டே இருப்பா. இங்கதான் மே மாசத்தோட லாபம் தெரியும். சூரியன் அஞ்சரைக்கெல்லாம் இறங்கிடும், ஏழு மணிக்குள்ள பாத்து முடிச்சிடலாம். அங்க போட்டோ எடுக்க விட மாட்டாங்க, போன உள்ள வச்சுட்டு கண்ணால பாருங்க. மெல்பர்ன்லேர்ந்து ரெண்டு மணி நேர ஓட்டம், போறப்ப கொஞ்சம் சீக்கிரமே கிளம்பினா வழிய ஒட்டியே கேரம் டவுன்ஸ்ல சிவா விஷ்ணு கோயில் இருக்கு, பெரியவங்களுக்கு மனசு நெறஞ்சிடும்.

சிட்னிக்கு ஆறு ராத்திரி. இங்க கார் எடுக்காதீங்க, பார்க்கிங் காசு ஒரு பக்கம், டோல் எல்லாமே எலக்ட்ரானிக், பணமா கட்டவே முடியாது. பஸ், ட்ரெயின், ஃபெர்ரி எல்லாத்துலயும் பேங்க் கார்ட தட்டிட்டு போலாம், பசங்களுக்கு மட்டும் ஓப்பல்ங்கற பயண கார்டுல குழந்தைங்க கார்டு வாங்கிடுங்க, பாதி காசுதான். ஓப்பரா ஹவுஸ் முன்னாடி நின்னு போட்டோ எடுக்கறத விட, சர்குலர் கீ படகுத்துறையிலேர்ந்து மேன்லி ஃபெர்ரியில ஏறி மேல் தளத்துல உக்காந்துட்டு போங்க, ஹார்பர் பாலமும் ஓப்பரா ஹவுஸும் ஒரே காட்சியில கண்ணு முன்னாடி வரும், தனியா கப்பல் டூருக்கு காசு குடுக்கவே வேணாம். புளூ மவுண்டன்ஸுக்கு கட்டூம்பா வரைக்கும் ட்ரெயின், ரெண்டு மணி நேரம். த்ரீ சிஸ்டர்ஸ் பாறைய எக்கோ பாயிண்ட்லேர்ந்தே பாத்துக்கலாம், படி இறங்கற ஆசை இருக்கறவங்க மட்டும் இறங்கட்டும். ஹெலன்ஸ்பர்க் வெங்கடாசலபதி கோயிலுக்கும் ஒரு நாள் ஒதுக்குங்க, அன்னிக்கு மட்டும் வண்டி ஏற்பாடு பண்ணிட்டு அப்படியே கடலுக்கு மேல வளைஞ்சு போற சீ கிளிஃப் பாலத்தையும் பாத்துட்டு வாங்க. நம்ம சாப்பாட்டுக்கு ஏங்கினா வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில் பக்கம் போங்க, தமிழ் போர்டு போட்ட கடையே இருக்கு. மே கடைசியில இருந்தீங்கன்னா விவிட் விளக்குத் திருவிழாவும் ஆரம்பிச்சிடும்.

மிச்ச நாள் கெய்ர்ன்ஸ். பவளப்பாறை பாக்க தூரத்துல இருக்கற திட்டுக்குப் போற படகு ஆட்டும், வாந்தி மாத்திரை தேவப்படும், அதனால உங்க குடும்பத்துக்கு கிரீன் ஐலண்ட்தான் சரி, முக்கால் மணி நேரத்துல போயிடலாம், நீந்தத் தெரியாதவங்களுக்கு கண்ணாடி அடித்தட்டு போட்ட படகு இருக்கு. மே வரைக்கும் கடல்ல விஷ ஜெல்லி மீன் இருக்கற சீசன், அதனால உடம்பு மூடற ஸ்டிங்கர் சூட் குடுத்தா கூச்சப்படாம போட்டுக்கங்க. இன்னொரு நாள் குராண்டாவுக்கு மலை ரயில்ல ஏறி, திரும்பறப்ப மழைக்காட்டு மேல போற ரோப் கார்.

உலுரு? அந்தப் பெரிய பாறை அழகுதான், ஆனா போக வர ரெண்டு பிளைட், அங்க ரூம் விலை வேற எகிறும். பாறை மேல ஏறவும் முடியாது, அங்கத்துப் பூர்வகுடி மக்களான அனங்குகளுக்கு அது புனித இடம், 2019 அக்டோபர்லேர்ந்து ஏற தடை. கீழ சுத்தி நடக்கலாம், 10 கிலோமீட்டர். கண்டிப்பா வேணும்னா கெய்ர்ன்ஸ எடுத்துட்டு இதப் போடுங்க, ரெண்டையும் சேத்துப் போடாதீங்க.

கேள்வி: எங்களுக்கு டிசம்பர் லீவு தவிர வழியே இல்ல. அப்ப போலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: போலாம், ஆனா அங்கயும் அப்பதான் பெரிய ஸ்கூல் லீவு, கிறிஸ்துமஸ்லேர்ந்து நியூ இயர் வரைக்கும் எல்லா விலையும் தலைக்கு மேல. ரூம ஆறேழு மாசம் முன்னாடியே பிடிங்க. கெய்ர்ன்ஸ்ல மழை, உலுரு பக்கம் வெயில் எகிறினா நடக்கற பாதை சிலத மூடிடுவாங்க, ரெண்டும் வேணாம். பதிலுக்கு டாஸ்மேனியாத் தீவுக்குப் போங்க, அங்க ஹோபார்ட்ல ராத்திரி ஒம்போது வரைக்கும் வெளிச்சம் இருக்கும். வீட்டுல கிரிக்கெட் பைத்தியம் இருந்தா 26ஆம் தேதி மெல்பர்ன்ல பாக்ஸிங் டே டெஸ்ட், டிக்கெட் விக்க ஆரம்பிச்சதும் வாங்கிடுங்க. பிலிப் தீவு பென்குயின் மட்டும் லேட்டாகும், சூரியன் மறையவே எட்டே முக்கால் ஆயிடுமே, மெல்பர்ன் திரும்ப நடுராத்திரி. அன்னிக்கு பிலிப் தீவுலயே தங்கிட்டா தேவலாம்.

கேள்வி: நம்ம லைசென்ஸ் வச்சு அங்க கார் ஓட்டலாமா? விசா எப்ப போடணும்?
– வாசகர், மதுரை

பதில்: லைசென்ஸ் இங்கிலீஷ்ல இருந்தா டூரிஸ்டா ஓட்டலாம், நம்மூர் மாதிரியே இடது பக்கந்தான். வாடகை கம்பெனி சிலது இன்டர்நேஷனல் பெர்மிட் கேக்கும், எடுத்துட்டே போங்க. 7 வயசுக்குக் கீழ உள்ள குழந்தைக்கு தனி சீட் கட்டாயம், வண்டி புக் பண்றப்பவே சொல்லிடுங்க. பின் சீட்ல தாத்தா பாட்டியும் பெல்ட் போடணும். பெல்ட் போடலன்னாலும் போன் கையில இருந்தாலும் படம் பிடிக்கற கேமரா ரோட்டுக்கு மேலயே இருக்கு, ஃபைன் நூத்துக்கணக்கான டாலர்ல வரும். ஊருக்கு வெளிய பொழுது சாயறப்ப ஓட்டாதீங்க, கங்காரு குறுக்க பாயற நேரம் அது.

டூரிஸ்ட் விசாவுக்கு சப்கிளாஸ் 600னு பேர், ஆன்லைன்லயே போடலாம், கைக்குழந்தைக்கும் தனித்தனி அப்ளிகேஷன், தனித்தனி ஃபீஸ், மறுத்தா ஃபீஸ் திரும்ப வராது. ரெண்டு மூணு மாசம் முன்னாடியே போட்டுடுங்க, கைக்கு வர்றதுக்கு முன்னாடி கேன்சல் பண்ண முடியாத டிக்கெட் வாங்காதீங்க.

கேள்வி: பருப்புப் பொடி, ஊறுகாய், அம்மா செஞ்ச பால்கோவா கொண்டு போகலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: பால்கோவாவ வீட்டுலயே சாப்பிட்டு முடிச்சிடுங்க, பால் இனிப்பு உள்ள போகாது. பச்சைக் கறிவேப்பிலை, பழம், விதை, கறி, கருவாடு எதுவும் வேணாம். பொடியும் ஊறுகாயும் கம்பெனி பாக்கெட்டா, லேபிளோட இருந்தா சிக்கல் கம்மி. வருகை கார்டுல சாப்பாட்டுப் பொருள் இருக்கான்னு கேட்டா தயங்காம ஆமான்னு போடுங்க, சொன்னா மிஞ்சிப் போனா எடுத்துக் குப்பையில போடுவாங்க, மறைச்சு மாட்டினா ஃபைன் ஆயிரக்கணக்குல போகும், விசாவுக்கே கூட ஆபத்து. மாத்திரை மூணு மாசத்துக்கு மேல வேணாம், டாக்டர் சீட்டு கூடவே இருக்கட்டும். அப்புறம், ஊர்லேர்ந்து வச்சுட்டு வந்த மல்லிப்பூ தலையில அப்படியே இருக்கும், யாருக்கும் ஞாபகமே வராது, பிளைட் விட்டு இறங்கறதுக்கு முன்னாடி எடுத்துப் போட்டுடுங்க.