ஸ்பெயினில் பழமையான ஒரு மலைக்கிராமத்துக்குப் போகவேண்டுமென்றால் எதைச் சொல்வீர்கள்?

அல்பராசின். ஆனால் ஒரு ராத்திரி தங்க முடிந்தால் மட்டும் போங்கள்.

கிழக்குக் கடற்கரை நகரமான வலென்சியாவில் தூரியா ஆற்றின் பழைய படுகையில் இன்று பெரிய பூங்கா இருக்கிறது. 1957 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றையே ஊருக்கு வெளியே திருப்பிவிட்டார்கள். தண்ணீரில்லாத அந்தப் பாலங்களுக்கு அடியில் நடந்தபோதுதான், இந்த ஆறு எங்கிருந்து வருகிறது என்று பார்க்க ஆசை வந்தது. மேலே மலையில் அதற்குக் குவாதலவியார் என்று பெயர். 'வெள்ளை ஆறு' என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. அந்த ஆறு வளைந்து சுற்றிப்போகும் பாறையின்மேல்தான் அல்பராசின். கடல்மட்டத்திலிருந்து 1,100 மீட்டருக்கும் மேலே, சுமார் ஆயிரம் பேர் வாழும் ஊர்.

ஊர்ப்பெயரே பனூ ரசீன் என்ற வட ஆப்பிரிக்கப் பெர்பர் குலத்தின் பெயரிலிருந்து வந்ததுதான். 11ஆம் நூற்றாண்டில் அவர்கள் இங்கே தனி அரசு நடத்தினார்கள். மதில் ஊரோடு நிற்காமல் பின்னாலிருக்கும் குன்றின் உச்சிவரை ஏறிப்போகிறது. மூச்சு வாங்கினாலும் ஏறிவிடுங்கள். ஆறும் ஊரும் ஒரே பார்வையில் கிடைக்கும்.

எனக்கு மறக்காதது சுவர்களின் நிறம். அந்த வட்டாரத்து ஜிப்சத்தில் இரும்புச்சத்து கலந்திருப்பதால் பூச்சு இளஞ்சிவப்பாக இருக்கிறது. பழுது பார்க்கும்போதும் சிமென்ட்டைத் தேடாமல் அந்தப் பழைய பூச்சையே பூசுகிறார்கள். நம் ஊர்களில் சுண்ணாம்புச் சுவர்களைச் சுரண்டிவிட்டு டைல்ஸ் ஒட்டுவதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அது பெரிய விஷயமாகப் பட்டது. மேல்மாடிகள் மர உத்திரங்களின்மேல் தெருப்பக்கம் துருத்தி நிற்கின்றன. சில சந்துகளில் எதிரெதிர்க் கூரைகள் தொட்டுக்கொள்வது போலிருக்கும். இரண்டு தெருக்களுக்கு நடுவே கோணலாகச் சாய்ந்து நிற்கிறது ஹூலியனேத்தா வீடு. கதவைத் தட்டுவதற்காக மாட்டியிருக்கும் பல்லி வடிவ இரும்புப் பிடிகளையும் கவனியுங்கள்.

தெருவேல் நகரிலிருந்து முக்கால் மணி நேரப் பயணம். பேருந்து மிகக் குறைவு, நேரத்தை முன்பே பார்த்துவிடுங்கள். வாடகைக் கார் என்றால் பக்கத்துப் பைன் காட்டில் செம்பாறைகளில் இருக்கும் தொல்பழங்கால ஓவியங்களையும் பார்க்கலாம். நான் போனது அக்டோபரில், இரவில் ஸ்வெட்டர் போதவில்லை.

பகலில் வந்தவர்கள் சாயங்காலம் கிளம்பிவிடுவார்கள். அதன்பின் விளக்கு வெளிச்சத்தில் சுவர்கள் இன்னும் சிவக்கும். சன்னலைத் திறந்து வைத்துப் படுத்தேன். வலென்சியாவில் பார்க்கக் கிடைக்காத அந்த ஆறு, கீழே விடியவிடிய ஓடிக்கொண்டிருந்தது.