தீர்வு புரிகிறது, கணக்கு வரவில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கல்லூரியில் இரண்டாமாண்டு படிக்கிறேன். வேதியியல், புள்ளியியல், நிதி மேலாண்மை, பைத்தான் நான்கும் இந்தப் பருவத்தில் ஒன்றாக வந்திருக்கின்றன. செய்து காட்டிய கணக்கைப் படித்தால் வரிக்கு வரி புரிகிறது. அதே மாதிரி ஒன்றைத் தனியாகப் போட உட்கார்ந்தால் எங்கே தொடங்குவது என்றே தெரிவதில்லை. சென்ற தேர்வில் 28 கிராம் நைட்ரஜனும் 5 கிராம் ஹைட்ரஜனும் முழுமையாக வினைபுரிந்தால் எவ்வளவு அம்மோனியா கிடைக்கும் என்று கேட்டார்கள். 34 கிராம் என்று எழுதினேன். தவறு. புள்ளியியலில் ஐந்து மாணவர்கள் பயிற்சிக்கு முன்பும் பின்பும் எடுத்த மதிப்பெண்களைக் கொடுத்து, பயிற்சியால் மாற்றம் உண்டா என்றார்கள். முன்பு 40, 55, 62, 70, 48. பின்பு, அதே வரிசையில், 44, 58, 67, 73, 53. மாற்றம் இல்லை என்று முடித்தேன். அதுவும் தவறு. இன்னும் நிறையக் கணக்குகள் போட்டால் சரியாகிவிடுமா? இணையத்திலும் ஏஐயிடமும் தீர்வு பார்ப்பதை நிறுத்த வேண்டுமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

எண்ணிக்கையைக் கூட்டினால் மட்டும் சரியாகாது. செய்து காட்டிய கணக்கில் இரண்டு வேலைகள் உங்கள் கண்ணில் படாமலே முடிந்துவிடுகின்றன. எந்த வழியில் போவது என்று முடிவெடுப்பது ஒன்று. அது முதல் வரிக்கு முன்பே நடந்துவிடுகிறது. வந்த விடையை நம்பலாமா என்று பார்ப்பது மற்றொன்று. அதைப் பெரும்பாலும் யாரும் தாளில் எழுதுவதே இல்லை. நடுவில் இருக்கும் கூட்டல் பெருக்கலைத்தான் நீங்கள் படித்துப் புரிந்துகொள்கிறீர்கள். உங்கள் இரண்டு தவறுகளும் அந்த நடுப்பகுதியில் நடக்கவில்லை.

அம்மோனியாவை எடுத்துக்கொள்வோம். கலத்துக்குள் போனது 28 கிராமும் 5 கிராமும், மொத்தம் 33. அதிலிருந்து 34 கிராம் வெளியே வர வழியில்லை. எந்தச் சூத்திரமும் தெரியாமலே, கூட்டிப் பார்த்தால் போதும், விடை தப்பென்று தெரிந்துவிடும். நடந்தது இதுதான்: 28 கிராம் நைட்ரஜன் 1 மோல் (மோல் என்பது துகள்களை எண்ணும் அலகு), அது 2 மோல் அம்மோனியா தரும், 2 × 17 = 34. ஹைட்ரஜன் போதுமா என்று கேட்காமல் விட்டீர்கள். 1 மோல் நைட்ரஜனுக்கு 3 மோல் ஹைட்ரஜன் வேண்டும். கையில் 5 கிராம், அதாவது 2.5 மோல். ஆகவே முதலில் தீருவது ஹைட்ரஜன். லிமிட்டிங் ரீஏஜென்ட் அதுதான். 2.5 × 2/3 = 1.667 மோல் அம்மோனியா, 28.33 கிராம். மீந்த நைட்ரஜன் 0.1667 மோல், 4.67 கிராம். இரண்டையும் கூட்டினால் 33.

இரண்டு பொருள்களின் அளவும் கொடுக்கப்பட்டிருந்தால் அது அநேகமாக எது முதலில் தீரும் என்ற கணக்குதான். ஒன்றின் அளவு மட்டும் இருந்தால் நேரடி விகிதம். இந்த அடையாளம் கேள்வியிலேயே இருக்கிறது. எது முதலில் தீரும் என்பதைக் கிராமை வைத்து முடிவு செய்யக் கூடாது, மோலை மட்டும் வைத்தும் கூடாது. மோலைச் சமன்பாட்டின் கெழுவால், அதாவது சமன்பாட்டில் அந்தப் பொருளின் முன்னால் நிற்கும் எண்ணால், வகுத்துப் பார்க்க வேண்டும். நைட்ரஜன் 1/1 = 1, ஹைட்ரஜன் 2.5/3 = 0.83. சிறியது முதலில் தீரும். இடையில் 1.667 மோலை 1.67 என்று சுருக்கிவிட்டால் 28.39 கிராம் வரும், கூட்டுத்தொகை 33.06 ஆகிவிடும். சுருக்குவதைக் கடைசி வரிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

விடைக்கு ஒரு எல்லை இருக்கிறதா என்று பார்க்கும் இந்தப் பழக்கம் மற்ற இடங்களிலும் உதவும். லிட்டருக்கு 0.00000001 மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண்) என்ன என்ற கேள்விக்குச் சூத்திரத்தில் எண்ணைப் போட்டால் 8 வரும். அமிலத்தின் பிஎச் 25 டிகிரியில் 7-ஐத் தாண்டாது. தண்ணீர் தானே தரும் ஹைட்ரஜன் அயனிகளையும் சேர்த்துப் போட்டால் 6.98. இயற்பியலில் 30 டிகிரிக்கு சைன் மதிப்பு மைனஸ் 0.988 என்று கால்குலேட்டர் காட்டினால் அது டிகிரியில் இல்லாமல் ரேடியன் என்ற வேறு கோண அலகில் நிற்கிறது.

புள்ளியியல் கணக்கில் நீங்கள் எண்களைச் சரியாகத்தான் கையாண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இரண்டு தனிக் குழுக்களுக்கான டி சோதனையைப் போட்டிருப்பீர்கள். சராசரி 55, 59. மாறுபாடு 137, 130.5. வித்தியாசம் 4, அதன் திட்டப் பிழை (தற்செயலாக அது எவ்வளவு ஊசலாடும் என்ற அளவு) 7.31, முன்னதைப் பின்னதால் வகுத்தால் டி மதிப்பு 0.55. டிகிரி ஆஃப் ஃப்ரீடம் (சுதந்திரமாக மாறக்கூடிய எண்களின் எண்ணிக்கை) 8, 5 சதவீத மட்டத்தில் இருமுனைச் சோதனைக்கு அட்டவணை மதிப்பு 2.306. ஆகவே மாற்றத்துக்குச் சான்று இல்லை என்று முடித்திருப்பீர்கள். போட்ட கணக்கில் பிழையே இல்லை, போடக் கூடாத கணக்கு அது.

முன்பும் பின்பும் எழுதியவர்கள் அதே ஐந்து பேர். 40 எடுத்தவருக்கும் 70 எடுத்தவருக்கும் இடையிலுள்ள தூரம் பயிற்சியைப் பற்றி எதுவும் சொல்வதில்லை, ஆனால் உங்கள் சோதனையில் அந்தத் தூரம்தான் திட்டப் பிழையை ஊதிப் பெருக்கியது. ஆளுக்கு ஆள் வித்தியாசத்தை எடுங்கள்: 4, 3, 5, 3, 5. சராசரி 4, திட்ட விலக்கம் 1. திட்டப் பிழை 1-ஐ 5-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் 0.447. டி மதிப்பு 8.94. டிகிரி ஆஃப் ஃப்ரீடம் 4, அட்டவணை மதிப்பு 2.776, டி அதை வெகுவாகத் தாண்டுவதால் மாற்றத்துக்குச் சான்று உண்டு. ஐவருமே உயர்ந்திருக்கிறார்கள், அதுவும் ஏறக்குறைய ஒரே அளவு என்பதை இந்தச் சோதனை பார்க்கிறது, முந்தையது பார்க்கவில்லை.

எந்தச் சோதனை என்று முடிவெடுக்க ஒரு வழி சொல்கிறேன். இரண்டாவது வரிசையை மட்டும் குலைத்து எழுதிப் பாருங்கள். அதனால் ஏதாவது தகவல் அழிகிறதா? அழிந்தால் ஆளுக்கு ஆள் வித்தியாசம் எடுக்கும் இணைச் சோதனை. அழியாவிட்டால் தனிக் குழுச் சோதனை. முடிவை எழுதும்போதும் கவனம் வேண்டும். பயிற்சிதான் காரணம் என்று இந்தத் தரவு நிரூபிக்கவில்லை, பயிற்சி பெறாத ஒரு குழு ஒப்பீட்டுக்கு இல்லை. இரண்டாவது தேர்வு எளிதாக இருந்திருக்கலாம். பி மதிப்பு 0.05-க்குக் கீழே என்றால் இன்மைக் கருதுகோள் (மாற்றமே இல்லை என்ற அனுமானம்) சரியாக இருக்க 5 சதவீத வாய்ப்புதான் என்று எழுதுவதும் தவறு. கருதுகோள் சரி என்று வைத்துக்கொண்டால் இப்படியோ இதைவிட விலகியோ தரவு வரும் வாய்ப்பு எவ்வளவு என்பதைத்தான் அது சொல்கிறது.

இதே கணக்கைப் பைத்தானில் போடுபவர்களுக்கு இன்னொரு பள்ளம் காத்திருக்கிறது. நம்பை என்ற பைத்தான் நூலகத்தின் திட்ட விலக்கச் சார்பு, ஒன்றும் சொல்லாவிட்டால், மொத்த எண்ணிக்கையால் வகுக்கும். மேலே உள்ள வித்தியாசங்களுக்கு அது 0.894 தரும், டி மதிப்பு 10 ஆகிவிடும். பாண்டாஸ் என்ற இன்னொரு பைத்தான் நூலகமும் ஆர் மொழியும் எண்ணிக்கையில் ஒன்று குறைத்து வகுப்பதால் 1 என்கின்றன. நம்பையில் டிடிஓஎஃப் (ddof) என்ற அமைப்பை 1 என்று கொடுக்க வேண்டும். கையால் போட்டதும் கணினி தந்ததும் ஒத்துப்போகாதபோது முதலில் தேட வேண்டிய இடம் இது.

நிதிக் கணக்குகள் ஒப்பீட்டளவில் எளிது, வந்த விடையைத் திரும்பப் போட்டுப் பார்க்க முடியும் என்பதால். நிலைச் செலவு 1,20,000, ஓர் அலகுக்கு விற்பனை விலை 50, மாறும் செலவு 30 என்றால் அலகுக்கு மிஞ்சுவது 20, பிரேக் ஈவன் (இலாபமும் நட்டமும் இல்லாத நிலை) 6,000 அலகுகள். வரிக்குப் பிறகு 40,000 இலாபம் வேண்டும், வரி 20 சதவீதம் என்று கேட்டால் பலர் 40,000-ஐ அப்படியே நிலைச் செலவோடு கூட்டி 8,000 என்கிறார்கள். திரும்பப் போடுங்கள்: 8,000 × 20 = 1,60,000, நிலைச் செலவு போக 40,000, வரி போக 32,000. கேட்டது அதுவல்ல. வரிக்கு முன் 50,000 வேண்டும், ஆகவே 8,500. என்பிவியில் (வருங்காலப் பணத்தின் இன்றைய மதிப்பிலிருந்து முதலீட்டைக் கழித்தது) தவறு வேறு இடத்தில் வரும். இன்று 1,000 முதலீடு, மூன்றாண்டுகளுக்கு ஆண்டிறுதியில் 500, வட்டி 10 சதவீதம், விடை 243.43. எக்செல்லின் என்பிவி சார்புக்குள் நான்கு எண்களையும் போட்டால் 221.30 வரும். அந்தச் சார்பு முதல் எண்ணையே ஓராண்டு கழித்து வருவதாக எடுத்துக்கொள்கிறது. முதலீட்டை வெளியே தனியாகக் கழிக்க வேண்டும்.

நிரலைப் பொறுத்தவரை, ஓடியது என்பதை விடை என்று எண்ணிக்கொள்வதுதான் பெரிய சிக்கல். ஒரு பட்டியலில் மிகப் பெரிய எண்ணைக் கண்டுபிடிக்கும் நிரலில் தொடக்க மதிப்பாக 0 வைத்தால் எல்லா மாதிரிகளுக்கும் சரியாக ஓடும், மைனஸ் 7, மைனஸ் 3, மைனஸ் 12 கொடுக்கும் வரை. அப்போது பட்டியலிலேயே இல்லாத 0-வைப் பெரியது என்று சொல்லும். தொடக்க மதிப்பு பட்டியலின் முதல் உறுப்பாக இருக்க வேண்டும். எழுதத் தொடங்கும் முன்பே வெற்றுப் பட்டியல், ஒரே உறுப்பு, எல்லாம் எதிர்மம், எல்லாம் சமம் என நான்கு உள்ளீடுகளுக்கு வர வேண்டிய விடையைத் தாளில் எழுதி வையுங்கள். வெற்றுப் பட்டியலுக்கு என்ன விடை என்று யோசிக்கும்போதுதான் கேள்வியில் அது சொல்லப்படவில்லை என்பதே தெரியவரும். பிழைச் செய்தி வந்தால் கடைசி வரியிலிருந்து படியுங்கள். பைத்தான் காட்டும் வரி எண் அது தடுக்கி நின்ற இடம். காரணம் பல வரிகள் முன்னால், ஒரு மாறிக்குத் தவறான மதிப்பு போன இடத்தில் இருக்கலாம்.

தீர்வு பார்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். பார்க்கலாம், ஆனால் என்ன கொடுத்திருக்கிறார்கள், என்ன கேட்கிறார்கள், எந்த வழி, விடை எந்த எல்லைக்குள் இருக்கும் என்ற நான்கையும் எழுதிய பிறகு. சிக்கிய இடத்துக்கு அடுத்த ஒரு வரியை மட்டும் பார்த்துவிட்டு மற்றதை மூடுங்கள். ஏஐயிடம் கேள்வியைக் கொடுக்காதீர்கள், நீங்கள் போட்ட வரிகளைக் கொடுத்து முதலில் தவறும் வரி எது என்று கேளுங்கள். அது சொல்வதையும் கூட்டிப் பார்த்தோ திரும்பப் போட்டோ சரிபாருங்கள். தவறையும் அதே தெளிவான நடையில்தான் அது எழுதும்.

அத்தியாய இறுதியில் வரும் கணக்குகளுக்குத் தலைப்பே வழியைச் சொல்லிக்கொடுத்துவிடுகிறது. தேர்வில் அந்தத் தலைப்பு இருக்காது. அதனால் மூன்று நான்கு அத்தியாயங்களிலிருந்து இருபது கேள்விகளைத் தலைப்பில்லாமல் ஒரு தாளில் கலந்து எழுதுங்கள். ஒன்றையும் முழுதாகப் போட வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் எந்த வழி, கேள்வியின் எந்தச் சொல்லால் அப்படி முடிவெடுத்தீர்கள் என்று இரண்டு வரி எழுதினால் போதும். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். தவறாகப் போன கேள்விகளை மட்டும் பிறகு முழுதாகப் போடுங்கள்.