கேளுங்க, சொல்றேன்: மரக்கட்டை ரோடும் வராத பக்கத்து வீட்டுக்காரரும்

(போன இதழ்ல அப்பர் கனடா, அதாவது இன்னைக்கு தெற்கு ஒன்டாரியோன்னு சொல்ற பகுதி, அங்க குடியேறினவங்க ரோட்டுக்காக பட்ட பாட்ட ரெண்டு வரில சொல்லிட்டு போயிட்டேன். அதுக்கு வந்த கேள்விகள்ல நாலு இங்க.)

கேள்வி: டொரான்டோல டாக்சி ஓட்டுறேன் சார். ஃபிஞ்ச், ஷெப்பர்ட் எல்லாம் ஸ்கேல் வச்சு கோடு போட்ட மாதிரி இருக்கு, டாவன்போர்ட் ரோடு மட்டும் ஏன் இப்படி வளைஞ்சு வளைஞ்சு போகுது?

பதில்: நேரா இருக்கறது சர்வேயர் போட்டது, வளைஞ்சு போறது மனுஷன் நடந்து நடந்து உண்டானது, அவ்ளோதாங்க. பனியுகம் முடியுற சமயத்துல அங்க ஒரு பெரிய ஏரி இருந்துச்சு, அதோட பழைய கரை மேடு இன்னைக்கும் நகரத்துக்குள்ள இருக்கு, அந்த மேட்டு அடிவாரத்த ஒட்டி பூர்வகுடி மக்கள் போட்ட ஒத்தையடிப் பாதைதான் டாவன்போர்ட். வெள்ளைக்காரங்க வந்தப்புறம் அளக்க எடுத்தது ஒரு இரும்பு சங்கிலி, நீளம் 66 அடி. ரோட்டுக்கு விட்ட அகலமும் அதே ஒரு சங்கிலி, அந்த 66 அடி இன்னைக்கும் ஒன்டாரியோ கிராமத்து ரோடுகள்ல அப்படியே இருக்கு. ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவுல 100 சங்கிலி. அடுத்த சவாரில ஷெப்பர்ட்ல இருந்து ஃபிஞ்ச் வரைக்கும் மீட்டரப் பாருங்க, கிட்டத்தட்ட 2 கிலோமீட்டர் காட்டும், அதுதான் அந்த 100 சங்கிலி. இதுல கூத்து என்னன்னா பேப்பர்ல கோடு போட்டவனுக்கு நடுவுல சதுப்பு நிலம் இருக்கா பள்ளம் இருக்கான்னு கவலையே இல்ல, கோடு அது பாட்டுக்கு போகும், அதுல ரோடு போட வேண்டியவன் பாடுதான் திண்டாட்டம்.

கேள்வி: அந்தக் காலத்துல ரோடு போட அரசாங்கம் காசு குடுத்துச்சா, இல்ல ஜனங்க தலைலதான் கட்டுனாங்களா? நம்ம ஊர் குடிமராமத்து மாதிரின்னு சொல்லலாமா?

பதில்: குடிமராமத்துக்கு கிட்டத்துல வருது, ஆனா குடிமராமத்துக்குப் பின்னால இருக்கற மாதிரி நாள்பட்ட ஊர் வழக்கம் எதுவும் அங்க கிடையாது, நேத்து வந்து இறங்கினவன் தலைல சட்டம் போட்டு ஏத்துனதுதான்.

முதல்ல பட்டாளத்து ரோடு. 1791ல அப்பர் கனடா தனி மாகாணமாச்சு, முதல் லெப்டினன்ட் கவர்னர் ஜான் கிரேவ்ஸ் சிம்கோ, அவருக்கு அமெரிக்காக்காரன் எப்ப அடிப்பானோன்னு பயம், அதனால ஏரிக்கரைய விட்டு உள்பக்கமா படை போக வழி வேணும்னு தன்னோட குயீன்ஸ் ரேஞ்சர்ஸ் சிப்பாய்ங்கள விட்டு காட்ட வெட்ட வச்சார். யங் ஸ்ட்ரீட் அப்படி வந்ததுதான், அகஸ்டஸ் ஜோன்ஸ்னு சர்வேயர் அளந்தார், 1796 பிப்ரவரில டொரான்டோல இருந்து வடக்க ஹாலண்ட் லேண்டிங்ங்கற இடம் வரைக்கும் திறந்தாச்சு, 34 மைலுக்குக் கொஞ்சம் மேல. ரோடுன்னு சொன்னா ரோடு, மரத்த வெட்டிட்டாங்க, அடிக்கட்டை எல்லாம் அங்கேயே நிக்குது!

மத்த ரோடெல்லாம் குடியேறினவங்க பொறுப்பு. 1793 சட்டப்படி ஒவ்வொருத்தரும் தன்னோட கோடாலி, மண்வெட்டியோட வந்து வருஷத்துக்கு 12 நாள் வரைக்கும் கூலி இல்லாம வேலை செய்யணும், வண்டி மாடு கொண்டு வந்தா நாள் கம்மி. 1798ல சொத்துக்கு ஏத்த மாதிரி நாள் கணக்க மாத்துனாங்க. மேஸ்திரி யாருன்னா ஊர்க்கூட்டத்துல தேர்ந்தெடுத்த ஒருத்தர், அதாவது உங்க பக்கத்து நிலத்துக்காரர்தான். இப்ப நீங்களே யோசிச்சுப் பாருங்க, அடுத்த மாசம் அவர் கொட்டகைக்கு உத்தரம் ஏத்த நீங்கதான் கை குடுக்கணும், அவர் உங்கள "ஏன் லேட்டு, ஏன் உன் பதினாலு வயசுப் பையன அனுப்பியிருக்க"ன்னு அதட்டுவாரா? பாதி நாள் கதை பேசி போகும், மீதி நேரத்துல ஓரத்து மண்ண வாரி நடுவுல கொட்டுவாங்க, முதல் மழைக்கு அது மறுபடி சேறு. வடிகால் வெட்டத் தெரிஞ்ச ஆளு யாரும் இல்ல.

ஆனா சோம்பேறித்தனம்னு மட்டும் சொல்லிட்டா அது அநியாயம். நிலத்தப் பிரிச்சு குடுத்தப்போ ஏழுல ஒரு பங்கு அரசருக்கு, ஏழுல ஒரு பங்கு சர்ச்சுக்குன்னு ஒதுக்கி வச்சாங்க, அதுவும் ஒரே இடத்துல இல்ல, சதுரங்கக் கட்டம் மாதிரி ஊருக்கு நடுநடுவுல. மிச்சத்துலயும் நிறைய நிலம் வேற எங்கேயோ உக்காந்துட்டு விலை ஏறட்டும்னு காத்திருந்த பெரிய மனுஷங்க கைல. உங்க லாட்டுக்கு, அதாவது உங்களுக்கு அளந்து குடுத்த நிலத்துக்கு, முன்னாடி ரோட்ட நீங்க சுத்தம் பண்ணணும், சரி, பண்ணிட்டீங்க, அடுத்த லாட்ல ஆளே இல்ல, அதுக்கு அடுத்ததுலயும் இல்ல, மாவு மில்லுக்குப் போற வழில அரை மைல் காடு அப்படியே நிக்குது. நீங்க போட்ட ரோட்டால அந்த வராத ஆளோட நில மதிப்பும் சேர்ந்து ஏறுது, இதுதான் எனக்கு எரிச்சலான எரிச்சல்.

1817ல ராபர்ட் கோர்லேன்னு ஸ்காட்லாந்துக்காரர் ஊர் ஊருக்கு 31 கேள்வி அனுப்புனார், கடைசிக் கேள்வி உங்க ஊர் முன்னேற எது தடைன்னு. ஒதுக்கு நிலம், வராத முதலாளி, ரோடு இல்ல, இதேதான் திரும்பத் திரும்ப பதிலா வந்துச்சு. அதிகாரத்துல இருந்தவங்க ரோட்டையா சரி பண்ணாங்க, 1819ல அவரத்தான் நாடு கடத்துனாங்க.

விதிவிலக்கு ஒண்ணு உண்டு. ஈரி ஏரிப் பக்கம் கர்னல் தாமஸ் டால்பட், ஜன்னல் வழியா பேசி நிலம் குடுப்பார், பேர மேப்புல பென்சில்ல எழுதுவார், நீங்க உங்க பக்கத்து பாதி ரோட்ட வெட்டலன்னா ரப்பர எடுத்து அழிச்சிட்டு அடுத்த ஆளு பேர எழுதிடுவார். சர்வாதிகாரம்தான், ஆனா மாகாணத்துலயே நல்ல ரோடுன்னு பேர் வாங்கினது டால்பட் ரோடு.

கேள்வி: மரக்கட்டைய அடுக்கி ரோடு போட்டாங்களாமே, அதுல வண்டி எப்படிங்க போச்சு?

பதில்: போச்சு, உக்காந்திருந்தவன் பல்லுதான் ஆடிப்போச்சு. சதுப்புல மண் கொட்டினா முழுங்கிடும், அதனால தேவதாரு மாதிரி மரத்த வெட்டி உருண்டையாவே குறுக்க குறுக்க அடுக்கிடுவாங்க, தூரத்துல பார்த்தா வரிவரியா கார்டுராய் துணி மாதிரி இருக்கும், பேரும் கார்டுராய் ரோடுதான். பனி உருகுற மார்ச் ஏப்ரல்ல தண்ணி ஏறி கட்டை மிதக்க ஆரம்பிக்கும், ஒண்ணு விலகினா போதும், குதிரை கால் இடுக்குல போய் ஒடிஞ்சிடும். குளிர்காலம்தான் பொற்காலம், உறைஞ்ச தரை, மேல பனி, சறுக்கு வண்டில கோதுமை மூட்டைய ஏத்திட்டு ஜாலியா போகலாம், அதனால விக்கறது வாங்கறது கல்யாணம் காட்சி எல்லாத்தையும் அதுக்கே தள்ளி வச்சாங்க. அப்புறம் 1830கள்ல கிங்ஸ்டன் ரோட்டுல தட்டைப் பலகை அடிச்சுப் பார்த்தாங்க, புதுசுல வழவழன்னு இருந்துச்சு, சில வருஷத்துல அழுகிடுச்சு. சுங்கம் மட்டும் விடாம வாங்குனாங்க.

கேள்வி: டான்ஃபோர்த் அவென்யூ பக்கத்துல குடியிருக்கேன், டான்ஃபோர்த்னா யாரு?

பதில்: ஆசா டான்ஃபோர்த், அமெரிக்க கான்ட்ராக்டர். யார்க்ல இருந்து, அதாவது பழைய டொரான்டோல இருந்து, கிழக்க ரோடு வெட்ட 1799ல மைலுக்கு 90 டாலர்னு பேசி எடுத்தார். வெட்டினார், ஆனா அது குடியேறினவங்க லாட்ட விட்டு தள்ளிப் போச்சு, பக்கத்துல ஆளு இருந்தாதானே பராமரிப்பாங்க, காடு வந்து மூடிடுச்சு. பணத் தகராறுல மனசு வெறுத்து கடனோட ஊர் திரும்பினார் மனுஷன். நீங்க குடியிருக்கற அவென்யூ இருக்கே, அது அவர் போட்டதே இல்லீங்க, அவர் போய் அம்பது வருஷம் கழிச்சு ஒரு பலகை ரோடு கம்பெனி போட்டது.