மிளாக் கொம்பும் அங்குலக் கணக்கும்

கேள்வி: எங்கள் ஐயா வால்பாறைத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கணக்கராக இருந்தபோது, 1960களில் சுட்ட மிளாவின் (கடமானின்) கொம்புகள், மண்டை ஓட்டோடு பலகையில் பதிக்கப்பட்டு எங்கள் வீட்டு முன்கூடத்தில் இருக்கின்றன. டெக்சாஸில் வேலை பார்க்கும் அத்தை மகன் ஊருக்கு வந்தபோது நாடா வைத்து அளந்துவிட்டு, “22 அங்குலந்தான், அங்கே இதை யாரும் சுவரில் மாட்ட மாட்டார்கள்” என்று சொல்லிவிட்டார். அப்பத்தாவின் முகம் வாடிவிட்டது. அளவைத் தவிர இந்தக் கொம்புக்கு மதிப்பு ஏதும் உண்டா?
– வாசகர், தொண்டி

பதில்: அத்தை மகன் அளந்ததில் பிழை இருக்காது. அவர் மனத்தில் இருப்பது அமெரிக்க வேட்டைக்காரர்களின் அமைப்பான பூன் அண்டு கிராக்கெட் சங்கத்தின் மதிப்பெண் முறை என்று நினைக்கிறேன். பின்னாளில் அமெரிக்க அதிபரான தியோடர் ரூஸ்வெல்ட் முன்னின்று 1887இல் தொடங்கிய அந்தச் சங்கம் 1950இல் வகுத்த முறைப்படி, கொம்பு 60 நாள் காய்ந்த பிறகு, தண்டின் நீளம், கிளைகளின் நீளம், சுற்றளவு, இரு தண்டுகளுக்கு இடைப்பட்ட அகலம் ஆகியவற்றை அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு வரை துல்லியமாகக் குறித்துக் கூட்டி, இடமும் வலமும் ஒவ்வாத அளவைக் கழிப்பார்கள். ஆனால் அந்தச் சங்கத்தின் பதிவேடு வட அமெரிக்க விலங்குகளுக்கானது. நம் மிளாவுக்கு அதில் இடமே கிடையாது. மேலும், அந்தத் தலைமுறையினர் கொம்புகளைச் சேர்த்ததற்கும் அளந்ததற்கும் பின்னால் பெருமையோடு அச்சமும் இருந்தது. நியூயார்க்கின் பிராங்க்ஸ் விலங்குக் காட்சிச்சாலையில் 1922இல் திறக்கப்பட்ட கொம்புக் கூடம், உலகிலிருந்து மறைந்துவரும் பெருவிலங்குகளின் நினைவுக்கென்றே அமைந்தது. இனிக் காணக் கிடைக்காதோ என்று எடுத்த குறிப்பு, பின்னாளில் போட்டிக் கணக்காகிவிட்டது.

மான் கொம்பு, மாட்டுக் கொம்பைப் போல வாழ்நாள் முழுதும் நிற்பதன்று. விழுந்து மீண்டும் முளைக்கும் எலும்பு அது. வயதும் மேய்ச்சலும் பரம்பரையும் சேர்ந்து அதன் நீளத்தை முடிவு செய்கின்றன. சுட்டவரின் திறமைக்கு அதில் பங்கில்லை. நடுவயதில் உச்சத்தை எட்டும் கொம்பு முதுமையில் குறுகுவதும் உண்டு என்பதால், உங்கள் 22 அங்குலம் ஓர் இளம் ஆணுடையதாகவும் இருக்கலாம், தளர்ந்த கிழட்டு ஆணுடையதாகவும் இருக்கலாம். மண்டை ஓடு இருப்பதால் நீங்களே பாருங்கள். கொம்பு நிற்கும் எலும்புக் குமிழ் குட்டையாகப் பருத்திருந்து, மேல்தாடைக் கடைவாய்ப் பற்களும் தேய்ந்து மழுங்கியிருந்தால் அது வயதேறிய விலங்கு. மோப்பத்திலும் செவியிலும் மனிதனை முந்திக்கொள்ளும் அத்தகைய மிளாவை நெருங்கியது எப்படி என்பதை எந்த நாடாவும் சொல்லாது.

அப்பத்தா சொல்வார். எந்த ஆண்டு, எந்தச் சரிவு, எத்தனை நாள் அலைந்தார், அடிபட்ட விலங்கை விடாமல் தேடிப் போனாரா, இறைச்சி எத்தனை தொழிலாளர் லைன் வீடுகளுக்குப் பங்கானது, பிறகு ஐயா துப்பாக்கி எடுத்தாரா இல்லையா என்று கேட்டு, எழுதிப் பலகையின் பின்புறம் ஒட்டி வையுங்கள். முக்கியமாக, தடம் பார்த்து அழைத்துப்போனவரின் பெயரைக் கேளுங்கள். பழைய பங்களாச் சுவர்களில் உள்ள பித்தளைத் தகடுகளில் சுட்டவர் பெயரும் தேதியும் அங்குலமும் இருக்கும். தடம் பார்த்தவரின் பெயர் ஒன்றிலேனும் இருந்து நான் கண்டதில்லை. இரவில் ஜீப்பிலிருந்து விளக்கடித்துச் சுட்டதாகத் தெரியவந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். அந்த விதத்தில் கிடைத்த கொம்பு 40 அங்குலம் இருந்தாலும் என் கண்ணுக்குச் சற்றுக் குட்டையாகவே தெரியும்.

கேள்வி: எங்கள் வீட்டிலும் பழைய மான் கொம்பு இருக்கிறது. விற்கலாமா?
– வாசகர், கீழக்கரை

பதில்: கூடாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வைத்திருக்கவே உரிமைச் சான்றிதழ் வேண்டும். வாரிசாகப் பெற்றவர் 90 நாளுக்குள் வனத்துறையிடம் அறிவிக்க வேண்டும். சான்றிதழ் உள்ளவர் வேண்டாமென்று ஒப்படைக்க விரும்பினால் 2022ஆம் ஆண்டுத் திருத்தம் வழி செய்கிறது, இழப்பீடு கிடையாது. தொண்டி வாசகரும் இதைப் பார்த்துக்கொள்ளட்டும்.

கேள்வி: எங்கள் தெருவில் ஒரு பெரியவர் வேளா மீனின் பல் கொம்பை (ரம்பம் போன்ற நீள மூக்கை) பூசையறையில் வைத்திருக்கிறார். அதுவும் வேட்டைச் சின்னந்தானா?
– வாசகி, மண்டபம்

பதில்: அதைவிடப் பழைய வழக்கம் அது. காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் முழுநிலா நாளில் கடலுக்குப் போகாமல், சினைச் சுறவின் கோடு, அதாவது கருவுற்ற சுறாவின் கொம்பை, நட்டுத் தெய்வமாக வணங்கியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. கோடு எத்தனை முழம் என்று புலவர் சொல்லவில்லை. அது சினைச் சுறவினுடையது என்பதைத்தான் சொல்கிறார். கடலில் கருவுற்றிருந்த ஓர் உயிரிடமிருந்து வந்தது என்ற நினைவு அந்த ஒரு சொல்லில் நிற்கிறது. வேளா மீன்கள் 2001ஆம் ஆண்டிலிருந்து அந்த வனவிலங்குச் சட்டத்தில் உச்சப் பாதுகாப்புள்ள முதல் அட்டவணையில் இருப்பதால், மேலே கீழக்கரை வாசகருக்குச் சொன்னவற்றை அந்தப் பெரியவரிடமும் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். கையோடு, அந்த மீன் எந்த வலையில் அகப்பட்டது, அதற்குப் பின் உயிருள்ள வேளாவை அவர் எப்போதாவது கண்டாரா என்றும் கேட்டு எனக்கு எழுதுங்கள்.