மாத்திரையை விட்டாயிற்று, சிகரெட்டை எப்போது விடுவது?

பண்டாரவளையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "வலி மாத்திரைக்கு அடிமையாகி, ஒரு வழியாக அதை விட்டுச் சில மாதங்கள் ஆகின்றன. இப்போது சிகரெட்டையும் விட நினைக்கிறேன். ஆனால் அந்த அவதியில் மறுபடி மாத்திரைப் பக்கம் போய்விடுவேனோ என்று பயமாக இருக்கிறது. வீட்டிலும் 'ஒன்றை விட்டதே பெரிய காரியம், இது இருந்துவிட்டுப் போகட்டும்' என்கிறார்கள். என்ன செய்யலாம்?"

தாராளமாக விடலாம். விட வேண்டும் என்பதுதான் என் எண்ணம். ஆனால் மாத்திரையை விட்ட முறையிலேயே சிகரெட்டை விடப் பார்க்காதீர்கள். இரண்டுக்கும் வழி வேறு. இந்த ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் ஹட்டன் பக்கம். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டினேன். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் எடை போட்ட சாக்குகளை ஏற்றி ஸ்டோரில் இறக்குவதும் வேலையில் சேர்த்திதான். மழைக்காலத்தில் நனைந்த கொழுந்து என்ன கனம் கனக்கும் என்று மலையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டது, டிரமடோல் என்ற வலி மாத்திரையை எழுதிக் கொடுத்தார்கள். வலி குறைந்த பிறகும் மாத்திரை குறையவில்லை. துண்டில் எழுதியது முடிந்த பிறகும் கிடைக்கிற இடத்தில் கிடைத்தது. நீங்களும் அந்த வழியாக வந்தவர் என்பதால் அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

கடைசியில் அரச வைத்தியசாலை ஒன்றின் மனநலக் கிளினிக்தான் என்னை மீட்டது. அங்கே வைத்தியர் சொன்ன முதல் விஷயம், மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது என்பது. டிரமடோல் ஓபியாய்டு வகை, அதாவது அபின் மாதிரி வேலை செய்கிற மருந்து, அதோடு மூளையில் மனநிலையைக் கவனிக்கிற செரட்டோனின் என்ற இரசாயனத்தின் வேலையிலும் கை வைக்கிறது. அதனால் சட்டென்று நிறுத்தினால் கொட்டாவி, மூக்கொழுகல், வயிற்றோட்டம், கால் குடைச்சல் எல்லாம் வருவதோடு, சிலருக்கு மண்டைக்குள் ஷாக் அடிக்கிற மாதிரியும் பெரிய பதற்றமும் வரும். ஆகவே அளவைப் படிப்படியாகக் குறைத்தார்கள். மாதக்கணக்கில் போனது. பொறுமையாக, கொஞ்சம் கொஞ்சமாக என்ற பாடம் அப்படித்தான் எனக்குள் ஊறியது.

சிகரெட் விஷயத்தில் அந்தப் பாடம் உதவவில்லை. மாத்திரை குறையக் குறைய சிகரெட் கூடிக்கொண்டே போனது. அம்மாவும் வீட்டுக்காரியும் அதைப் பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. "பாவம், அதையாவது குடிக்கட்டும்" என்று விட்டுவிட்டார்கள். அன்பில் சொல்வதுதான், அவர்கள் மேல் குறை இல்லை. மாத்திரையால் ஒரு ஆளையே இழக்கப் பார்த்தவர்களுக்கு சிகரெட் சின்ன விஷயமாகத்தான் தெரியும். உங்கள் வீட்டிலும் அதே நிலைமைதான் என்று நினைக்கிறேன்.

ஆனால் உடம்புக்குள் நடப்பது வேறு. சிகரெட்டில் உள்ள நிக்கோட்டின், மூளையில் இன்ப உணர்வோடு தொடர்புள்ள டோபமினைக் கிளப்பிவிடுகிறது. உடம்பே சுரக்கிற ஓபியாய்டுகளையும் தட்டி எழுப்புகிறது. மாத்திரை எந்த இடத்தில் வேலை செய்ததோ, அதற்குப் பக்கத்திலேயே சிகரெட்டும் வேலை செய்கிறது. மனசு சரியில்லை, எதையாவது உள்ளே அனுப்பினால் சரியாகும் என்ற பழைய கணக்கு ஒவ்வொரு சிகரெட்டிலும் உயிரோடு இருக்கிறது. முதுகு வலிக்கும் அது நல்லதில்லை. புகை இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் முள்ளந்தண்டு வட்டுகளுக்குப் போகிற ஊட்டம் குறைகிறது. புகைப்பவர்களிடம் நாள்பட்ட முதுகு வலி அதிகம் என்பது பல ஆய்வுகளில் வந்த விஷயம். எந்த வலிக்காக மாத்திரை எடுத்தோமோ அந்த வலியையே சிகரெட் வளர்க்கிறது என்று கேட்டபோது எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

உங்கள் பயத்துக்கு நேராகவே வருகிறேன். போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை பெற்றவர்கள் சிகரெட்டையும் விட்டால் பழையதற்குத் திரும்பிவிடுவார்கள் என்று வைத்தியர்கள் மத்தியிலேயே நீண்ட காலம் ஒரு எண்ணம் இருந்தது. அமெரிக்க ஆய்வாளர்கள் 19 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2004இல் வெளியிட்ட முடிவு அதற்கு நேர்மாறாக வந்தது. போதைச் சிகிச்சையோடு சிகரெட்டை விடவும் உதவி பெற்றவர்கள், மதுவிலிருந்தும் போதைப் பொருளிலிருந்தும் நீண்ட காலம் விலகியிருக்கும் வாய்ப்பு 25 சதவீதம் கூடுதலாக இருந்தது. ஆகவே "இது இருந்துவிட்டுப் போகட்டும்" என்பது அன்பான பேச்சுதான், ஆனால் சரியான பேச்சு இல்லை.

சரி, எப்படி விடுவது? மாத்திரையைப் போலவே எண்ணிக்கையைக் குறைத்துக் குறைத்துப் போகலாம் என்றுதான் நாமெல்லாம் நினைப்போம். சிகரெட்டில் அது பெரும்பாலும் சரிவருவதில்லை. எண்ணிக்கை குறையும்போது ஒவ்வொரு சிகரெட்டையும் இன்னும் ஆழமாக இழுக்கிறோம், அடுத்ததற்காக இன்னும் ஏங்குகிறோம். இங்கிலாந்தில் சுமார் 700 பேரை இரண்டாகப் பிரித்து நடத்திய ஆய்வு ஒன்று 2016இல் வந்தது. குறித்த நாளில் ஒரேயடியாக நிறுத்தியவர்களில் நான்கு வாரம் கழித்து 49 சதவீதம் பேர் புகைக்காமல் இருந்தார்கள். இரண்டு வாரம் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்தியவர்களில் அது 39 சதவீதம். நிக்கோட்டினைத் திடீரென்று நிறுத்துவதால் உயிருக்கு ஆபத்து இல்லை, அவதி மட்டும்தான். அதுவும் முதல் இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு வாரத்தில் வெகுவாக அடங்கிவிடும். நாள் குறிக்கும்போது வேலை நெருக்கடியைப் பார்த்துக் குறியுங்கள். கொழுந்து அதிகமாக வரும் மாதங்களைத் தள்ளிவிட்டுத்தான் நான் நாள் பார்த்தேன்.

இனி சொல்வதுதான் நம்மைப் போன்றவர்களுக்கு முக்கியம். சிகரெட்டை நிறுத்திய முதல் வாரத்தில் எரிச்சல், தூக்கமின்மை, படபடப்பு, மனச்சோர்வு வரும். மாத்திரையைக் குறைத்தபோது பட்ட அவதியின் சாயல் இதிலும் இருக்கிறது. உடம்பு அதை அடையாளம் கண்டுகொள்கிறது. முதுகும் அந்த நாட்களில் கூடுதலாக வலிக்கிற மாதிரி தோன்றும். இராத்திரி விழித்துக் கிடக்கும்போது மனசு சிகரெட்டைக் கேட்காமல் நேராக மாத்திரையைக் கேட்கும். எனக்குக் கேட்டது. இது வரும் என்று முன்கூட்டியே தெரிந்திருப்பதுதான் பாதி பாதுகாப்பு. அது நிக்கோட்டின் போகிற அவதி, பழைய நோய் திரும்பவில்லை. வலி நிஜமாகவே இருந்தால் பனடோல் போதுமா என்று வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பனடோலுக்கும் எல்லை உண்டு, வளர்ந்தவருக்கு ஒரு நாளில் 500 மில்லிகிராம் மாத்திரை எட்டுக்கு மேல் போகவே கூடாது. ஈரலில் கோளாறு உள்ளவர்களுக்கு அதுவும் அதிகம்.

வீட்டில் பழைய மாத்திரை அட்டை ஏதாவது கிடந்தால் நாள் குறிப்பதற்கு முன்பே வெளியேற்றிவிடுங்கள். அலமாரியின் மேல்தட்டு, லொறியின் டாஷ்போர்டு, பழைய ஜாக்கெட் பை எல்லாம் தேடுங்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். மாத்திரையை விட்டுச் சில மாதம் ஆனவரின் உடம்பு பழைய அளவைத் தாங்காது. அன்று சாதாரணமாகப் போட்ட அளவே இன்று மூச்சை நிறுத்திவிடலாம், வலிப்பையும் வரவழைக்கலாம். அப்படி ஏதாவது நடந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டிருக்காமல் வீட்டில் இருப்பவர்கள் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைக்க வேண்டும்.

அப்புறம் தேத்தண்ணி. இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. புகையில் உள்ள தார், ஈரலில் கஃபீனை உடைக்கிற என்சைமை வேகப்படுத்தி வைத்திருக்கும். சிகரெட்டை நிறுத்தியதும் அந்த வேகம் போய்விடும், வழக்கமாகக் குடிக்கிற அதே அளவு தேநீரில் இரத்தத்தில் தங்கும் கஃபீன் ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிடும். படபடப்பும் தூக்கமின்மையும் வந்தால் சிகரெட் இல்லாததால் என்று நினைப்போம். பாதிக் காரணம் தேநீராக இருக்கும். நிக்கோட்டின் கம் மென்றாலும் இது மாறாது, ஏனென்றால் இது தாரின் வேலை. நம் மலையில் விடிந்தால் பிளேன்டீ, பத்து மணிக்குப் பிளேன்டீ, குளிருக்குப் பிளேன்டீ. அதைப் பாதியாக்குங்கள், பிற்பகலுக்குப் பிறகு வேண்டாம். எனக்கு இந்த ஒரு மாற்றத்திலேயே தூக்கம் திரும்பியது. இதே காரணத்தால் ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலின் எடுப்பவர்களும், மனநலத்துக்கு ஓலன்சபின், குளோசபின் எடுப்பவர்களும் சிகரெட்டை நிறுத்துவதற்கு முன் வைத்தியரிடம் சொல்லியே ஆக வேண்டும், மருந்தின் அளவை மாற்ற வேண்டி வரலாம்.

நிக்கோட்டின் கம் பற்றியும் கேட்பீர்கள். எல்லாப் பாமசியிலும் கிடைக்காது, விலையும் உண்டு, கிடைத்தால் நல்லது. எழுந்து அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட்டைப் பற்றவைப்பவர் என்றால் 4 மில்லிகிராம், இல்லையென்றால் 2. சுவிங்கம் போல மென்றுகொண்டே இருக்கக் கூடாது. கொஞ்சம் மென்று, காரம் ஏறியதும் கன்னத்தில் ஒதுக்கி வைத்து, காரம் அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். "மறுபடி ஒரு மருந்தா, இதற்கும் அடிமையாகிவிடுவேனா" என்று நமக்கு வருகிற தயக்கம் புரிகிறது. கம்மிலிருந்து நிக்கோட்டின் மெதுவாகத்தான் ஏறுகிறது, சிகரெட் மாதிரி நொடிகளில் மூளைக்குப் பாய்வதில்லை. அடிமைத்தனத்தை வளர்ப்பது அந்த வேகம்தான். ஆனால் சிகரெட்டை விட உதவும் புப்ரோப்பியோன் என்ற மாத்திரையை யாராவது பரிந்துரைத்தால், டிரமடோல் எடுத்தவர் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். இரண்டுமே வலிப்பு வரும் வாய்ப்பைக் கூட்டுபவை, சேர்ந்தால் இன்னும் ஆபத்து.

சிகரெட்டுக்குப் பதிலாக வெற்றிலையோடு புகையிலை போட ஆரம்பிக்காதீர்கள். லயத்தில் பல பெரியவர்கள் அதைத்தான் யோசனையாகச் சொல்வார்கள். உள்ளே போவது அதே நிக்கோட்டின், கூடவே பாக்கும். புகையிலை, பாக்கு இரண்டுமே வாய்ப்புற்றுநோய்க்கு வழி. இலங்கையில் ஆண்களுக்கு அதிகம் வருகிற புற்றுநோய் வாய்ப்புற்றுநோய்தான்.

நம் ஊரில் ஐயப்பனுக்கு மாலை போட்டவர்களைக் கவனித்திருப்பீர்கள். வருஷம் முழுக்க ஊதித்தள்ளுகிற ஆட்கள், 41 நாள் விரதத்தில் ஒரு பீடிகூடத் தொடுவதில்லை. மாலையைக் கழற்றியதும் பலர் பற்றவைக்கிறார்கள். இதை நான் நிறைய யோசித்தேன். 41 நாளில் உடம்பின் ஏக்கம் பெரும்பாலும் முடிந்திருக்கும், அப்படியானால் திரும்ப இழுப்பது எது? மாலை போட்டவரை எல்லோரும் "சாமி" என்று கூப்பிடுகிறார்கள். யாரும் அவர் முன் சிகரெட்டை நீட்டுவதில்லை. கடைக்காரர்கூடத் தரமாட்டார். கழற்றிய அன்று "வாங்க மச்சான்" என்று பழையபடி நீட்டிவிடுகிறார்கள். விட்டவரைக் காப்பாற்றியதில் அவருடைய மன உறுதிக்குச் சமமாக ஊரின் மரியாதைக்கும் பங்கு இருந்தது. அதனால் நான் லொறிக் கூட்டாளிகள், மச்சான்மார், டவுனில் சில்லறையாகச் சிகரெட் விற்கிற கடைக்காரர் வரை எல்லோரிடமும் வாய்விட்டுச் சொன்னேன். மாத்திரை விஷயத்தை ஊருக்குச் சொல்ல முடியாமல் எவ்வளவு தனியாகக் கிடந்தோம் என்று நினைத்துப் பாருங்கள். சிகரெட்டை விடுவதில் அந்த வெட்கம் தேவையில்லை, வெளிப்படையாக உதவி கேட்கலாம். இது எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

தடுக்கி விழுந்தால்? ஒரு சிகரெட் குடித்துவிட்டீர்கள் என்றால் அன்றே மறுபடி நிறுத்துங்கள், எல்லாம் போச்சு என்று முடிவு கட்ட வேண்டாம். பல பேர் பல தடவை முயன்றுதான் விட்டிருக்கிறார்கள். ஆனால் ஒரு மாத்திரை போட்டுவிட்டால் அது வேறு விஷயம், அன்றே கிளினிக்குக்குத் தெரிவியுங்கள்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். தோட்டத்தில் நாள் சம்பளம் 1,000 ரூபாய் ஆனதே 2021இல்தான். இன்று ஒரு கோல்ட் லீஃப் சிகரெட் 100 ரூபாயைத் தாண்டிவிட்டது. மிச்சக் கணக்கை வீட்டுக்காரியிடம் விடுங்கள்.

அடுத்த கிளினிக் திகதிக்குப் போகும்போது, சிகரெட்டையும் விடப்போகிறேன் என்று வைத்தியரிடம் நீங்களே பேச்சை எடுங்கள். அங்கே கூட்டம் அதிகம், அவர்களாகக் கேட்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம். இராத்திரியில் மனசு கனத்தால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழைக்கலாம். புகைப்பழக்கத்தை விடுவதற்கென்று 1948 என்ற இலக்கம் இருக்கிறது. எந்த நாளைக் குறித்தீர்கள் என்று இங்கேயே எழுதுங்கள். முதல் வாரத்தில் எந்த நேரம் எழுதினாலும் நான் பதில் போடுகிறேன்.