பெர்ல்: தனி மாட்யூலுக்கு மாற்றியதும் சார்ட் ஃபங்ஷன் வேலை செய்யவில்லை

வணக்கம். பெர்ல் ப்ரோக்ராமிங் மொழியில், கோத்தகிரி தேயிலை ஃபேக்டரிக்காக பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப்., டஸ்ட் என்று கிரேடு வாரியாக அடுக்கும் ஃபங்ஷனைத் தனி மாட்யூலில் வைத்ததும், பட்டியல் போன வரிசையிலேயே திரும்பி வருகிறது என்கிறீர்கள். உங்கள் கிரேடு வரிசையில் தப்பே இல்லை.

பட்டியலை அடுக்கும் பெர்லின் சார்ட், ஒப்பிட வேண்டிய இரண்டு மதிப்புகளையும் தன்னைக் கூப்பிட்ட பேக்கேஜின் (தனக்கென்று பெயர்கள் வைத்திருக்கும் கோட் பகுதி) $ஏ, $பி ($a, $b) என்ற வேரியபிள்களில்தான் வைக்கும். உங்கள் ஃபங்ஷன், எக்ஸ்போர்ட் செய்தாலும், தன் மாட்யூலின் $ஏ, $பி-யைத்தான் பார்க்கும். அங்கே ஒன்றும் இல்லை. எல்லாம் சமம் என்று முடிவாகிவிடுகிறது. அறிவிக்காத வேரியபிளைத் தடுக்கும் ஸ்ட்ரிக்ட், இந்த இரு பெயர்களுக்கும் விலக்கு தருவதால் அதுவும் தடுக்காது. எச்சரிக்கை காட்டும் வார்னிங்ஸ் போட்டிருந்தால் வரிக்கு வரி கத்தியிருக்கும். தயவுசெய்து எப்போதும் போடுங்கள்.

ஃபங்ஷன் பெயரை அடுத்து ($$) என்று ப்ரோட்டோடைப் (ஃபங்ஷன் என்ன வாங்கும் என்ற குறிப்பு) கொடுங்கள். மதிப்புகள், ஃபங்ஷனுக்கு அனுப்பியவை வந்து சேரும் @_ வழியே வந்துவிடும். my போட்டு அறிவித்த இரண்டு வேரியபிளில் வாங்கி ஒப்பிடுங்கள். வேகம் சற்றுக் குறையும், ஒரு நாள் கணக்குக்கு அது தெரியவே தெரியாது.

குன்னூரில் ஏலப் பட்டியலுக்கு எழுதியபோது எனக்கு இதில் இரண்டு நாள் போனது. இப்போது மாட்யூலில் கிரேடுக்கு எண் தரும் ஃபங்ஷன் மட்டும் வைக்கிறேன்; <=> என்ற எண் ஒப்பீட்டை சார்ட் கூப்பிடும் இடத்திலேயே எழுதுகிறேன்.