கான்கிரீட்டில் செய்த இருக்கை உட்கார வசதியாக இருக்குமா?

இருக்கும். நான் வடசென்னை தண்டையார்பேட்டையில் சென்ட்ரிங் வேலை (கான்கிரீட் ஊற்ற அச்சு அடிப்பது) செய்பவன். டிசைன் படித்தவன் இல்லை, படித்தவர்கள் தாராளமாகத் திருத்தலாம். ஆனால் "சிமெண்டில் உட்கார்ந்தால் மூலம் வரும்" என்று எழுத வருபவர்கள் கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் உட்கார்ந்து பார்த்ததெல்லாம் பார்க் பெஞ்ச். தட்டையான பலகை, செங்குத்தான முதுகு. உபயதாரர் பெயருக்குக் காட்டிய அக்கறையில் பாதியை உட்காருபவருக்குக் காட்டியிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. அதே வடிவத்தைத் தேக்கில் செய்தாலும் வலிக்கத்தான் செய்யும்.

நீங்கள் மொட்டைமாடிக்கோ பால்கனிக்கோதான் கேட்கிறீர்கள் என நினைக்கிறேன். கான்கிரீட் கன மீட்டருக்குச் சுமார் 2400 கிலோ. 5 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், 3 அங்குலக் கனம் என்றால் உட்காரும் பலகை மட்டுமே 125 கிலோ வந்துவிடும். பால்கனி வேண்டாம்.

நான் கட்டியது வாசலில், மூட்டுவலிக்கார எங்கள் ஆயாவுக்காக, அதாவது பாட்டிக்காக. (பட்டா இடத்துக்குள்தான். ஆக்கிரமிப்பு என்று கிளம்பாதீர்கள், உட்காருபவரின் கால் மட்டும்தான் தெருவில் இருக்கும்.) ஈர எம்-சாண்டை (கல்லை உடைத்துச் செய்த மணல்) குவித்து, மேலே சாக்கு விரித்து ஆயாவை உட்காரச் சொன்னேன். "இன்னாடா, இப்பவே பொதைக்கப் போறியா?" என்று கேட்டுக்கொண்டேதான் உட்கார்ந்தது. எழுந்ததும் மணலில் பதிந்த வளைவை அட்டையில் எடுத்து, பிளைவுட்டில் வெட்டினேன். முன்பக்கத்தைவிட முதுகு சேரும் இடம் ஒரு அங்குலம் தாழ்வு. ஒன்றரை அடி உயர முதுகு, உச்சியில் 4 அங்குலம் பின்னால் சாய்ந்திருக்கும். ஆழம் 16 அங்குலம் போதும். அதற்கு மேல் போனால் குள்ளமானவர்களுக்கு விளிம்பு முழங்காலுக்குப் பின்னால் அறுக்கும். முன்விளிம்பின் வளைவுக்கு ஆயாவின் வளையலை வைத்துத்தான் கோடு போட்டேன்.

அடியில் செங்கல் கட்டு, முன்பக்கம் 4 அங்குலம் உள்ளே தள்ளி. இதைத்தான் யாரும் செய்வதில்லை. எழும்போது குதிகால் முழங்காலுக்குப் பின்னால் போக வேண்டும், அதற்கு இடம் இல்லாவிட்டால் கையை ஊன்றி எம்ப வேண்டியதுதான். கட்டின் மேல் கடப்பா கல், அதன் மேல் சிப்ஸ் ஜல்லி (பொடி ஜல்லி) கான்கிரீட். பிளைவுட் அச்சை நீளவாக்கில் இழுத்து இழுத்து வடிவம் கொண்டுவந்தோம். கம்பியே இல்லை. "கம்பி இல்லாமல் கான்கிரீட்டா?" என்று இன்ஜினியர்கள் சண்டைக்கு வரலாம். அடி முழுக்கச் செங்கல் தாங்குகிறது, வெளியே நீட்டும் 4 அங்குலத்தைக் கடப்பா பார்த்துக்கொள்கிறது. எங்கள் பக்கத்து உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்தால் வீங்கி, கான்கிரீட்டையே பிளந்துவிடும். மழைத்தண்ணீர் முதுகோரம் தேங்காமல் பக்கவாட்டில் வாட்டம் கொடுங்கள். கான்கிரீட் இறுக ஒரு வாரம் ஈரச்சாக்கு போட்டு மூடி வையுங்கள்.

சூடு? உண்மைதான். மரத்தைவிடக் கான்கிரீட் சூட்டையும் குளிரையும் தோலுக்கு வேகமாகக் கடத்தும். எங்கள் வாசல் கிழக்குப் பார்த்தது, மதியத்துக்கு மேல் வீட்டு நிழலும் கடல்காற்றும் கிடைக்கும். மேற்குப் பார்த்த வாசலில் கட்டிவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

இதெல்லாம் என் கற்பனை என்பவர்களுக்கு: சுவிட்சர்லாந்து டிசைனர் வில்லி கூல் 1954-லேயே சிமெண்ட் தகட்டை வளைத்து, கால் இல்லாத நாற்காலி செய்துவிட்டார். குஷன் கிடையாது, சாய்ந்தே உட்காரலாம். அப்போது அதில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது, அதை மட்டும் நகலெடுக்க வேண்டாம்.

என் ஆத்திரம் வேறு. இருக்கையின் உயரம் 17 அங்குலம். ஆயாவுக்கு அது கொஞ்சம் அதிகம்தான், ஆனால் மூட்டுவலிக்கு உயரமாக இருந்தால்தான் எழுவது லேசு. அப்புறம் தெருவுக்கு ரோடு போட வந்தார்கள். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுசு. கால் வைக்கும் இடம் ஏறிவிட்டது, இருக்கை தாழ்ந்துவிட்டது, எழுப்பிவிட ஆயா மறுபடியும் ஆள் தேடுகிறது. மழை வந்தால் தெருத் தண்ணீர் நேராக ஹாலுக்குள். புகார் கொடுத்தோம். "தீர்க்கப்பட்டது" என்று போனுக்கு மெசேஜ் வந்தது!

அதனால் தெருவோரம் கட்டுவதாக இருந்தால் 20 அங்குலமாகவே கட்டிவிட்டு, இப்போதைக்குக் காலடியில் ஒரு கடப்பாத் துண்டைப் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த ரோடு போட்டதும் எடுத்துவிடலாம்.